கூடம் கோணல்தான்

(அறுவைக் கருவிகளும் அவற்றைப் பிடிக்கும் கைகளும் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவம் படித்தவரும் பொறியியல் படித்தவரும் இரண்டும் படிக்காதவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளையை நிறுவியவர்கள் வைத்த நிபந்தனை. யோசித்ததில் எனக்கு ஒரு கத்தரிக்கோல் அகப்பட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுவை மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்த முதல் மாதம். ஆபரேஷன் தியேட்டரில் முதலாண்டு மாணவனுக்குக் கிடைக்கும் பெரிய பதவி, சீஃப் முடிச்சுப் போட்டதும் நூலை வெட்டிவிடுவது. நான் பிறவி இடக்கைக்காரன். எங்கள் ஊர்ப் பேச்சில் பீச்சாங்கைக்காரன். சோறு தின்னவும் எழுதவும் வீட்டிலும் பள்ளியிலும் அடித்து வலக்கைக்கு மாற்றியிருந்தார்கள். கத்தரி பிடிக்க யாரும் அடித்துப் பழக்காததால் அது இடக்கையிலேயே தங்கிவிட்டது. சீஃப் நூலைத் தூக்கிப் பிடிக்கிறார். நான் வெட்டுகிறேன். நூல் அறுபடாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடிந்து படுத்துக்கொள்கிறது. மறுபடியும் வெட்டுகிறேன், மறுபடியும் மடிகிறது.

“ஏம்பா, ஒரு நூலை வெட்ட வராதா?”

“கத்தரி சரியில்ல சார்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

முகக்கவசத்துக்குப் பின்னால் எல்லாரும் சிரித்தது கண்களில் தெரிந்தது. அன்றிரவே விடுதி அறையில் வலக்கையால் நூல் வெட்டிப் பழக ஆரம்பித்தேன். சீஃப் நல்ல மனிதர், நல்ல ஆசிரியர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தப் பழமொழியோடுதான் பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதை இன்று இந்த அவையில் தீர்த்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

கத்தரியில் நடந்தது இதுதான். நாம் கத்தரியை மூடும்போது கட்டைவிரல் அழுத்துவதோடு நிற்காமல் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளவும் செய்யும். மற்ற விரல்கள் உள்பக்கமாக இழுக்கும். இது நினைத்துச் செய்வதல்ல, கையின் சுபாவம். வலக்கைக்காக அலகுகளை அடுக்கிய கத்தரியில் அந்தத் தள்ளல் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று உரசவைக்கும், நூல் அறுபடும். அதே கத்தரி இடக்கைக்கு வந்தால் அதே தள்ளல் அலகுகளைப் பிரித்துவிடும், நூல் மடியும். ரத்தக் குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பல் பூட்டும் இப்படித்தான். வலக்கைக் கட்டைவிரல் தள்ளினால் திறக்கும். இடக்கைக் கட்டைவிரலோ தன் இயல்புக்கு எதிராக இழுக்க வேண்டும். பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். அந்த ஒருவருக்குக் கூடம் உண்மையிலேயே கோணல்.

கையில் பிடிக்கும் எந்த அறுவைக் கருவிக்கும் இரண்டு முனைகள். ஒன்று நோயாளியைப் பார்க்கிறது, மற்றொன்று மருத்துவரைப் பார்க்கிறது. நோயாளியைப் பார்க்கும் முனையில் மனிதன் காட்டியிருக்கும் நுணுக்கம் வியப்பூட்டுவது: குடலைப் பிடிக்க ஒன்று, எலும்பைப் பிடிக்க ஒன்று, கண்ணின் மெல்லிய படலத்தைப் பிடிக்க ஒன்று. மருத்துவரைப் பார்க்கும் முனையில் பெரும்பாலும் இரண்டு வளையங்கள். அத்தோடு கதை முடிந்தது. அந்த இரண்டாம் முனையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அரிவாள்மனையும் எழுத்தாணியும்

வேலையைச் செய்பவரின் உடலுக்குப் பொருத்தும் அறிவைப் பணிச்சூழலியல் என்கிறோம். பெயர் புதிது, சங்கதி பழையது. அரிவாள்மனையைப் பாருங்கள். கத்தி அசையாது, காய்தான் நகரும். மனையைக் கால் அழுத்திக்கொள்வதால் இரண்டு கைகளும் காய்க்கே கிடைக்கின்றன. வலக்கை, இடக்கை என்ற பேதமும் பெரிதாக இல்லை. இது உடலுக்காகச் செய்த கருவி.

எழுத்தாணி இதற்கு நேர்மாறு. ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணியின் முனை வழுக்காமல் தாங்கிக்கொள்ள இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் ஒரு சிறு பள்ளம் வெட்டி வைத்துக்கொள்வார்கள். இங்கே கருவிக்காக உடல் தன்னையே வெட்டிக்கொண்டது.

ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து இது அரிவாள்மனையின் இனமா, எழுத்தாணியின் இனமா என்று கேட்டுப் பாருங்கள். நம் தியேட்டர் தட்டில் இருப்பவை பெரும்பாலும் எழுத்தாணியின் பங்காளிகள்.

பிடி முதலில், கூர் பிறகு

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை 101 மழுங்கிய கருவிகளையும் 20 கூரிய கருவிகளையும் வகைப்படுத்துகிறது. சிங்கத்தின் வாய், நாரையின் அலகு என்று விலங்கு, பறவைகளின் முகங்களைக் கொண்டு பெயர்கள். இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு: 101இல் தலையாய கருவி மருத்துவரின் கை என்கிறது அந்த நூல். கையில்லாமல் மற்ற நூறும் இயங்கா என்பது காரணம். கையையும் கருவிப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஒரு கருவி இன்னொரு கருவியோடு பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். கூரிய கருவிக்கு இருக்க வேண்டிய குணங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வருவது எளிதாகப் பிடிக்க வருதல். நல்ல உலோகம் இரண்டாவது. நல்ல கூர் மூன்றாவது. எந்தக் கத்தியை எங்கே பிடிக்க வேண்டும் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. இன்று நாம் கருவி வாங்கும் டெண்டரில் உலோகத்தின் தரம் இருக்கிறது, நீளம் இருக்கிறது, முனையின் வளைவு இருக்கிறது. சுஸ்ருதர் முதலில் வைத்ததைக் காணோம்.

கைப்பிடியைத் தின்ற கிருமி

அந்த முதல் குணம் நம் காலத்தில் எப்படிக் கீழே போயிற்று? இதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் செய்த கருவிப் பெட்டிகளை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். கால் துண்டிக்கும் கத்திக்குக் கருங்காலிக் கைப்பிடி. ரத்தம் பட்டால் வழுக்காதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக வரி வெட்டியிருப்பார்கள். சிலவற்றுக்குத் தந்தப்பிடி. உள்ளங்கையில் நிறைந்து உட்காரும் பருமன். கைக்கு அவை சுகமானவை, கிருமிக்கும்தான். ஒவ்வொரு வரியும் பழைய ரத்தம் தங்கும் வாய்க்கால்.

1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைச் சீழ்ப்பிடிக்காமல் காக்கலாம் என்று எழுதினார். 1880களில் பெர்லினில் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான் நீராவியால் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்தார். நீராவியில் மரம் வெடிக்கும், தந்தம் பிளக்கும், பசை இளகும். ஆகவே கைப்பிடியும் உலோகமாயிற்று. வழவழப்பாக, இடுக்கே இல்லாமல், மெலிந்து போயிற்று. கணக்கற்ற உயிர்களைக் காத்த மாற்றம் இது. இதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதற்கான விலையில் ஒரு பகுதியைக் கை கொடுத்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இந்த இழுபறி இன்றும் ஓயவில்லை. விரல் மெத்தென்ற பிடியைக் கேட்கிறது. 134 டிகிரி நீராவி வழுவழுப்பான எஃகைக் கேட்கிறது. பொறியியல் மாணவர்கள் சிலர் ரப்பர் உறை போட்ட அழகான மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, “இதை யார் கழுவுவார்கள்?” என்பதுதான். கருவி கழுவும் அறையில் நிற்கும் பணியாளரும் அந்தக் கருவியைப் பிடிப்பவரே. அவருடைய தூரிகை நுழையாத இடுக்கு, எந்த மருத்துவரின் விரலுக்கு எவ்வளவு சுகமாக இருந்தாலும், நோயாளிக்கு ஆபத்து.

1915இல் மார்கன் பார்க்கர் என்ற அமெரிக்கர் கத்தியை இரண்டாகப் பிரித்துக் காப்புரிமை பெற்றார். கைப்பிடி தனி, அலகு தனி. மழுங்கினால் அலகைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். இன்றும் எந்தத் தியேட்டரிலும் சிஸ்டரிடம் “மூணாம் நம்பர் பிடி, பதினஞ்சாம் நம்பர் பிளேடு” என்றால் பார்க்கர் வழி வந்த அமைப்புத்தான் கைக்கு வரும். அலகுகளில் எத்தனை எண்கள்! தோலை நீளமாகக் கீற 10, சீழ்க்கட்டியைக் குத்தித் திறக்க 11, நுணுக்கமான கீறலுக்கு 15. இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பிடி ஒன்றே, அதே தட்டையான 3.

இரண்டு பிடிகள்

1956இல் ஜான் நேப்பியர் என்ற ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் கையின் பிடிகளை இரண்டாக வகுத்தார். சுத்தியலைப் பிடிப்பது வலுப்பிடி: பொருள் உள்ளங்கையோடு ஒட்டியிருக்கும். பேனாவைப் பிடிப்பது நுண்பிடி: பொருள் விரல் நுனிகளுக்கு இடையே இருக்கும். முதலாவதில் விசை அதிகம், இரண்டாவதில் கட்டுப்பாடு அதிகம்.

நல்ல கருவி எந்த வேலைக்கு எந்தப் பிடி என்பதைத் தானே சொல்லிவிடும். கண் அறுவைக்கான காஸ்ட்ரோவியேஹோ ஊசிபிடிப்பானில் வளையமே கிடையாது. இரண்டு வில் தகடுகள். பேனாவைப் போல் விரல் நுனியில் நிற்கும். லேசாக அழுத்தினால் மூடும், விட்டால் தானே திறக்கும். அதை வடிவமைத்த ரமோன் காஸ்ட்ரோவியேஹோ கண் மருத்துவர். தம் விரல் நுனிக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நுண்பிடியில் செய்ய வேண்டிய வேலையை வலுப்பிடியில் செய்யவைத்தால் என்ன ஆகும்? அதற்குத்தான் அடுத்த கதை.

துளை வழியே துடுப்பு

1985 செப்டம்பர் 12இல் ஜெர்மனியின் பப்லிங்கன் நகரில் எரிக் மூஹே, வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்தார். லேப்ராஸ்கோபி என்னும் நுண்துளை அறுவை சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. நோயாளிக்கு இது வரம். வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

மருத்துவரின் கைக்கு என்ன நேர்ந்தது? ஒரு முழத்தைத் தொடும் நீளமுள்ள மெல்லிய குழாயின் ஒரு முனையில் பிடி, மறுமுனையில் 5 மில்லிமீட்டர் வாய். நடுவே வயிற்றுச் சுவரின் துளை. படகின் விளிம்பில் துடுப்பு ஊன்றுவது போல் கருவி அந்தத் துளையில் ஊன்றுகிறது. கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். கை தாழ்ந்தால் முனை உயரும். மூளை இதைப் பழகிக்கொள்ளும். மணிக்கட்டால் அவ்வளவு எளிதாக முடியாது.

இங்கே எல்லாரும் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். வலக்கையை நீட்டி, மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்த மட்டும் மடக்குங்கள். இப்போது முஷ்டியை இறுக்கிப் பிடியுங்கள். இறுகவில்லை, அல்லவா? விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன; அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து வருகின்றன. மணிக்கட்டு மடங்கிவிட்டால் அந்த நாண்கள் தொய்ந்துவிடும். எதிர்ப்பக்க நாண்கள் இழுத்துப் பிடிக்கும். துப்பாக்கி போல் பிடி வைத்த லேப்ராஸ்கோபிக் கருவி பல சமயம் மணிக்கட்டை இந்த நிலைக்குத்தான் தள்ளுகிறது. வலுக்குறைந்த அந்தக் கையால்தான் நீளமான குழாய்க்குள் ஓடும் கம்பியை இழுத்து, அதன் உராய்வையும் மீறி, முனையை மூட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம்.

கட்டைவிரலை வளையத்துக்குள் ஆழமாக நுழைத்துப் பிடித்தால் வளையத்தின் விளிம்பு விரலோரம் ஓடும் நரம்பை அழுத்தும். அறுவை முடிந்தும் விரல் மரத்திருக்கும். இதற்கு மருத்துவ ஏடுகளில் ‘லேப்ராஸ்கோபிக் கட்டைவிரல்’ என்றே பெயர் வந்துவிட்டது. 2010இல் அமெரிக்க இதழ் ஒன்றில் ஏட்ரியன் பார்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நுண்துளை அறுவை செய்யும் 317 மருத்துவர்களில் 87 விழுக்காட்டினர் தங்கள் உடலில் வலியோ வேறு தொல்லையோ இருப்பதாகச் சொன்னார்கள்.

ரோபோ உதவியுடன் செய்யும் அறுவை மருத்துவரை உட்காரவைத்தது. கருவியின் நுனிக்கு ஒரு மணிக்கட்டையும் கொடுத்தது. அது கிடைக்கும் இடத்தில் நல்லது. ஆனால் அடுத்த வாரமும் நம் மாவட்ட மருத்துவமனையில் அதே வளையத்துக்குள்தான் கட்டைவிரல் போகப்போகிறது.

கையுறைக்கு அளவுண்டு

ரப்பர் கையுறை எப்படித் தியேட்டருக்குள் வந்தது என்பது நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். 1889-90 குளிர்காலம், பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. வில்லியம் ஹால்ஸ்டெட்டின் தியேட்டரில் தலைமைச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமி நீக்கப் பயன்பட்ட பாதரசக் கரைசல் பட்டுப் புண்ணாயின. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வரவழைத்தார். ஒரு செவிலியரின் கையைக் காக்க வந்த பொருள் அது. கையுறை போட்டால் நோயாளியின் காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைகிறது என்று ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் பிறகு எழுதினார். கைக்குச் செய்த நன்மை நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது.

இன்று அந்தக் கையுறை 6, 6½, 7, 7½, 8 என்று அரை அரையாக ஏறும் அளவுகளில் வருகிறது. அளவு தப்பினால் எந்த மருத்துவரும் போட மாட்டார். கையுறை போட்டு முடித்த அதே கையில் கொடுக்கும் கருவிக்கு மட்டும் ஒரே அளவு. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் 5 இஞ்சில் உண்டு, 6 இஞ்சில் உண்டு, 8 இஞ்சில் உண்டு என்பீர்கள். அவை நோயாளியின் வயிறு எவ்வளவு ஆழம் என்பதற்கான அளவுகள்.

2004இல் ராமோன் பெர்கர், ஆலன் ஹ்ரெல்யாக் இருவரும் 726 மருத்துவர்களைக் கேட்டு வெளியிட்ட ஆய்வு, கையுறை அளவு 6½ அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு லேப்ராஸ்கோபிக் கருவிகளைக் கையாள்வது கூடுதல் சிரமம் என்று காட்டியது. சிறிய கை என்றால் பெரும்பாலும் பெண்ணின் கை. மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கும் காலத்தில் இதைச் சில்லறைப் புகார் என்று ஒதுக்க முடியாது.

என் மாணவி ஒருவர் 6ஆம் நம்பர் கையுறை. உயரமும் குறைவு. நுண்துளை அறுவைக்கு மேசை எவ்வளவு தாழ்ந்தாலும் அவருக்குப் போதாது. ஸ்டூல் போட்டு நிற்பார். மின்கத்தியின் பெடல் தரையில். ஒரு கால் ஸ்டூலில், ஒரு கால் கீழே பெடலைத் தேடிக்கொண்டு. ஒரு நாள் அறுவை முடிந்து கையுறையைக் கழற்றியவர் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார். மரத்துப்போச்சு. பழகிடும்.”

‘பழகிடும்.’ விடுதி அறையில் நூல் வெட்டிய இரவு எனக்கு நினைவு வந்தது. நான் பழகிக்கொண்டதால் அடுத்து வந்த இடக்கைக்காரனுக்கும் அதே கத்தரிதான் கிடைத்திருக்கும்.

கோணல் விரல்கள்

பழமொழிக்கு எதிராக நான் அழைக்கும் சாட்சி மதுரையைச் சேர்ந்தவர். டாக்டர் கோ. வெங்கடசாமி, 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். இளவயதிலேயே முடக்குவாதம் தாக்கி நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. பிறகு கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளையும் பிடியையும் அமைத்துக்கொண்டு, கண்புரை அறுவை செய்யத் தம்மைப் பழக்கினார். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

இதை மன உறுதியின் கதையாக நாம் சொல்லிவருகிறோம். அது மெய்தான். நான் இதைக் கருவியின் கதையாகவும் படிக்கிறேன். கடையில் கிடைக்கும் பிடிதான் பிடி, அதற்குப் பொருந்தாத கை கையே அல்ல என்று அவர் ஏற்றிருந்தால் அந்த ஒரு லட்சம் கண்கள் வேறு கைக்குக் காத்திருந்திருக்கும். அங்கே கோணல் கையில்தான் இருந்தது. பழமொழியே வெல்லும்படியான வழக்கு. ஆனாலும் அவர் கூடத்தை அந்தக் கைக்குத் தக்கபடி திருத்திக்கொண்டார்.

செய்யக்கூடியவை

பெரிய பணம் கேட்காத சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

கருவி வாங்கும் குழுவில், அதைத் தினமும் கையில் எடுத்துக்கொடுக்கும் செவிலியர் ஒருவர், கழுவுபவர் ஒருவர், சிறிய கையுள்ள மருத்துவர் ஒருவர் இருக்கட்டும். மாதிரியைக் கையுறையோடு, ஈரக்கையோடு பிடித்துப் பார்த்த பிறகு விலையைப் பேசுவோம்.

ஒவ்வொரு தியேட்டர் தொகுதியிலும் ஓர் இடக்கைக் கருவிப் பெட்டி இருக்கட்டும். இப்படிக் கருவிகள் உலகில் இல்லாமல் இல்லை; கேட்பதற்குத்தான் கூச்சம்.

மேசை உயரத்தை நிற்பவரின் முழங்கையைக் கொண்டு அளப்போம். நுண்துளை அறுவையில் மேசை, முழங்கை உயரத்தின் 0.7 முதல் 0.8 பங்கில் இருப்பது நல்லது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அப்போது கருவியின் பிடி முழங்கை மட்டத்துக்கு வரும். ஸ்டூல் போட்டால் பெடலும் ஸ்டூல் மீது ஏற வேண்டும். ஸ்டூலை அதற்குத் தக்க அகலமாக ஒரு தச்சரே செய்துவிடுவார்.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேவ்குமார் சக்கரவர்த்தியின் தொகுப்பாக இந்திய உடல் அளவுகளை நூலாக வெளியிட்டிருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். பிறகு தியேட்டர் வாசலுக்கு வந்து அறுவை முடித்து வெளியே வருபவர்களின் கைகளைப் பாருங்கள். எந்த விரலைத் தேய்க்கிறார்கள் என்பதிலிருந்தே உங்கள் ஆய்வுப் பொருள் கிடைத்துவிடும்.

கடைசியாக என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. மாணவரின் கை சில சமயம் தப்புத்தான், பயிற்சி வேண்டியதுதான், பழமொழி பொய்யல்ல. ஆனால் கொத்தனார் சுவர் எழுப்பும்போது கண்ணை நம்பிச் சண்டை போடுவதில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால் சரி. யாராவது ஒரு மாணவர் “கருவி சரியில்ல சார்” என்றால், கூடத்தில் முதலில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பழமொழியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.